புதிதாகச் சேர்ந்த கம்யூனிட்டி நர்ஸ்: தனியாகப் போகப் பயமாக இருக்கிறது

புதுச்செருப்பு:
நர்சிங் முடித்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. முதல் வாரம் ஒரு சீனியர் சிஸ்டர் கூட வந்தார். அப்புறம் தனிதான். நேற்று ஒரு பாட்டிக்குக் கால் புண்ணில் கட்டு மாற்றப் போனேன். புண்ணைச் சுற்றிச் சூடாக, கொஞ்சம் வீங்கி இருந்தது. போன முறை எப்படி இருந்தது என்று பார்த்தால், குறிப்பில் 'நன்றாக உள்ளது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வார்டு என்றால் அடுத்த கட்டிலில் நிற்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். இங்கே பாட்டியும் மகளும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் கட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கமே இல்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கா?

பழையபை:
பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் போன் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி. பயம் இருக்கட்டும், அது நல்லதுதான். ஒரே வாரத்தில் தனியாக அனுப்பியதுதான் தப்பு. என்னோடு வரும் புதியவர்களை முதலில் பார்க்க மட்டும் வைப்பேன். அப்புறம் அவர்கள் செய்வார்கள், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தனியாகப் போக ஆரம்பித்த பிறகும், அன்றைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரே ஒருவரின் பெயர் கையில் இருக்கும். 'யாரை வேண்டுமானாலும் கேள்' என்றால் யாரையும் கேட்க மாட்டார்கள்.

புண்ணுக்கு வருகிறேன். நீளம் அகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, தேதியும் நேரமும் போடுங்கள். அடுத்து வருகிறவருக்குக் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்ததும் தெரியும். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அங்கே புறங்கையால் சூடும் பாருங்கள். பரவுகிறது, காய்ச்சல், திடீர்க் குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். வீட்டாரிடம் 'கேட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்' என்று சொல்லலாம், மானம் ஒன்றும் போகாது. ஆனால் சாயங்காலம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

ரூட்டுபோடுபவர்:
நான் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பட்டியல் போடும் பக்கம். பழையபை சொல்வது சரி, ஆனால் ஆள் இல்லாத நாளில் இரண்டு பேரை ஒரு வீட்டுக்கு அனுப்ப முடிவதில்லை. நான் செய்வது இவ்வளவுதான்: புதியவருக்கு வீடுகளைக் குறைத்துக் கொடுப்பேன், சீழ் வைத்த புண்ணைக் கடைசியாக வைப்பேன். தொற்று அடுத்த வீட்டுக்குப் போகும் வாய்ப்பு குறையும், அங்கே நிதானமாக நிற்கவும் நேரம் கிடைக்கும்.

பழையபை:
ஆள் இல்லை என்பது இருபது வருஷமாகக் கேட்கிற பாட்டு. போனை எடுக்கவாவது ஒருவரை வையுங்கள்.

புதுச்செருப்பு:
போன் செய்தேன் அக்கா. சிஸ்டர் திட்டவில்லை, நேராகக் கிளம்பி வந்தார். டாக்டர் பார்த்து ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருக்கிறார். பேனாக் கோடும் போட்டாயிற்று. 'நன்றாக உள்ளது' என்று எழுதியது யாரென்று விசாரித்தேன். எனக்கு இரண்டு வாரம் முன்னால் சேர்ந்தவளாம். நாளைக்கு அவளைப் பார்த்துப் பேசப் போகிறேன்.