சிங்கப்பூர்ச் சம்பளம், ஜோகூர் பாரு செலவு: எப்படி ஒப்பிடுவது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியக் குடிமகன். மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுடன் சிங்கப்பூரை ஒட்டியுள்ள ஜோகூர் பாருவில் வசிக்கிறேன். இங்கு மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட். இப்போது சிங்கப்பூரில் 4,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வேலை வந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் வருமானம் இரு மடங்கைத் தாண்டும் என்கிறார்கள் உறவினர்கள். குடும்பத்தோடு அங்கே குடியேறினாலும் அந்த ஆதாயம் நிற்குமா, அல்லது இங்கிருந்தே போய்வருவது நல்லதா?

பதில் 1:
இந்தச் சம்பளத்தில் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது. வேலை அனுமதியில் இருப்பவர் மனைவி மக்களைச் சார்ந்தோர் அட்டையில் அழைத்துவர, மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் பெற வேண்டும் என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதி. ஆகவே, அங்கே தனியாக அறை எடுத்துத் தங்குவதையும் தினமும் இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடப்பதையும்தான் தாங்கள் ஒப்பிட வேண்டும். வெள்ளியை மூன்றால் பெருக்குவது, ரிங்கிட்டில் செலவழிக்கும் பங்குக்கு மட்டுமே பொருந்தும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் வெள்ளியை ஒட்டி வாடகை கேட்கிறார்கள்; அரிசி, காய்கறிக்கும் 2024 முதல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. இதற்கிடையே ஜோகூர் பாரு வீட்டுச் செலவும் அப்படியே தொடரும்.

பதில் 2:
சேமநிதியை மறந்துவிடாதீர்கள். 5,000 ரிங்கிட் சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது மாதம் 650 ரிங்கிட், தங்கள் ஊழியர் சேமநிதிக் கணக்கில் போடுகிறார். தங்கள் பங்கு 550 ரிங்கிட். சிங்கப்பூரின் மத்திய சேம நிதியோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது என்பதால், வேலை அனுமதியில் செல்பவருக்கு முதலாளி பங்கு எதுவும் வராது. கைக்கு வரும் தொகையிலிருந்து மாதம் 1,200 ரிங்கிட்டையாவது தாங்களே ஒதுக்கினால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

பதில் 3:
போய்வருவதே ஆதாயம் என்பது என் கருத்து. ஆனால் அதற்கான விலை நேரம். பேருந்துக் கட்டணம் பொருட்டல்ல. விடியுமுன் கிளம்பி, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் தாண்டி, மாலையில் அதே வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதே அரிதாகிவிடும். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலில், புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும்; பயணம் ஏறக்குறைய ஐந்து நிமிடம். புக்கிட் சாகார் நிலையத்துக்கு அருகே வாடகை ஏறக்கூடும் என்பதால், சொந்த வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.