ட்ரூப்னயா சதுக்கத்து வீடு: எந்த டிவிடி, எந்தப் பிரிண்ட்?

சோவியத் இயக்குநர் போரிஸ் பார்னெட் 1928-ல் எடுத்த 'ட்ரூப்னயா சதுக்கத்து வீடு' இன்று பெரும்பாலும் மூன்று வழிகளில் கைக்கு வருகிறது. ஒன்று, ஃபிளிக்கர் ஆலி 2011-ல் வெளியிட்ட நான்கு டிவிடித் தொகுப்பு. சோவியத் மௌனப் படங்கள் எட்டு அதில் இருக்கின்றன. அடுத்தது விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் ஐரோப்பிய முறையான பால் (PAL) டிவிடிகள். மூன்றாவது, பிற்காலத்தில் இசை சேர்த்து அச்சிட்ட பிரிண்டுகளிலிருந்து கிளம்பிய கோப்புகள். ஒப்பிடுகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முகம் எத்தனை தெளிவு என்று பார்க்கிறார்கள். நகைச்சுவைப் படத்துக்கு அந்தச் சோதனை போதவே போதாது. வேரா மரேத்ஸ்கயா நடித்த நாயகி பராஷா தெருவில் திகைத்து நிற்பதும், அவளுடைய வாத்து தண்டவாளத்தில் ஓடுவதும் சிரிப்பாவது ஃபிரேம் கணக்கில்தான். முதலில் வேகத்தைப் பாருங்கள்.

கணக்கு எளிது. 35 மி.மீ. ஃபிலிமில் மீட்டருக்குச் சுமார் 52.5 ஃபிரேம். வெளியானபோது படத்தின் நீளம் 1757 மீட்டர், அதாவது ஏறக்குறைய 92,200 ஃபிரேம். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 64 நிமிடம். 25 என்றால் அறுபத்தொன்றரை. 20 என்றால் 77. 18 என்றால் 85. ஆகவே ஒரு பதிப்பு 13 நிமிடம் குறைவு என்றதும் வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். வேகம் மாறினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

மொத்த நேரத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஆவணக் காப்பகங்களில் டைட்டில் கார்டுகளைப் பல நேரம் சில ஃபிரேம்களாகவே சேமித்திருப்பார்கள். பிரிண்ட் போடும்போது படிக்கும் அளவுக்கு நீட்டிக்கொள்வார்கள். அந்த நீட்டல் பதிப்புக்குப் பதிப்பு வேறு. டைட்டில் குறுக்கிடாத ஒரே ஷாட்டை, ஒரு கட்டிலிருந்து அடுத்த கட் வரை, இரண்டு பதிப்பிலும் விநாடிக் கணக்கில் அளந்து வகுத்துப் பாருங்கள். விகிதம் 1.04 வந்தால் பால் வேகம். 1.2 வந்தால் ஒன்று 20, மற்றது 24. 1.5 வந்தால் ஒன்றில் ஃபிரேம்களை இரட்டித்திருக்கிறார்கள்.

*

அந்த 1.5 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மோசமான பிரதிகளில் பாதி இதனால் கெட்டவை. 1960, 70-களில் சோவியத்தில் பழைய மௌனப் படங்களுக்கு இசை சேர்த்து மறுவெளியீடு செய்தபோது, ஒன்று விட்டு ஒரு ஃபிரேமை இரண்டு முறை அச்சிடுவது வழக்கமாக இருந்தது. விநாடிக்கு 16 ஃபிரேம் படம் இப்படி 24 ஆகிவிடும். 16-ல் எடுத்த படத்துக்கு ஓரளவு பொருந்தும். 1920-களின் கடைசியில் அதைவிட வேகமாகச் சுழற்றி எடுத்த படத்துக்குச் செய்தால் நடிகர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் ஆகிவிடுகிறது, அசைவும் வெட்டி வெட்டி வருகிறது.

கண்டுபிடிக்க விஎல்சி பிளேயரில் படத்தை நிறுத்தி ஆங்கில 'E' விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம். அசைவு, அசைவு, நிற்பு, மறுபடி அசைவு, அசைவு, நிற்பு என்று மூன்றில் ஒன்று நின்றால் இரட்டித்த பிரிண்ட். ஆறில் ஒன்று நின்றால் 20 ஃபிரேம் படத்தை 24-க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை. புளூ-ரேயில் 18, 20 என்ற வேகங்களுக்கு இடமே கிடையாது, ஃபிரேமைத் திருப்பிப் போட்டுத்தான் ஆக வேண்டும். சீராகப் போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எந்தக் காட்சியில் சோதிப்பது என்று கேட்டால், வாத்துக் காட்சி. கூடையிலிருந்து தப்பிய வாத்து ட்ராம் பாதையில் ஓட, பராஷா பின்னால் பாய, ட்ராம் நெருங்கும் நொடியில் பார்னெட் படத்தை அப்படியே நிறுத்திவிடுகிறார். வாத்து மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்வதற்காக உருவங்கள் பின்னோக்கி ஓடத் தொடங்குகின்றன. நிற்கும் அந்தச் சில விநாடிகளை உற்றுப் பாருங்கள். 1928-ல் இந்த நிறுத்தத்தை ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுச் செய்தார்கள். ஆகவே ஆட்கள் உறைந்து நிற்க, அவர்கள் மேல் பிரிண்டின் தூசியும் ஃபிலிமின் நுண்மணிகளும் (கிரெய்ன்) தொடர்ந்து துடிக்க வேண்டும். தூசியும் சேர்ந்து உறைந்திருந்தால், பின்னால் வந்தவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேமை நிறுத்திவைத்திருக்கிறார், அல்லது படத்தின் புள்ளி இரைச்சலை (நாய்ஸ்) நீக்கும் ஃபில்டர் மணிகளைத் துடைத்திருக்கிறது.

*

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற வீடியோ மென்பொருளின் 'எம்பிடெசிமேட்' ஃபில்டரால் இரட்டை ஃபிரேம்களை எண்ணுகிறவர்கள் இந்தக் காட்சியைத் தவிர்க்க வேண்டும். நிறுத்தம் முழுவதையும் அது இரட்டை என்று கழித்துவிடும், எண் தவறும். டைட்டில் கார்டுகளிலும் அதே கதை. நல்ல அசைவுள்ள ஒரு நிமிடத் துண்டை எடுத்து எண்ணுங்கள்.

அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) டிவிடியில் சீப்புப் பல்போல் கோடுகள் தெரிந்தால், அவற்றைக் குழைத்து மறைக்கும் டீஇன்டர்லேஸை உடனே போடாதீர்கள், செங்குத்துத் தெளிவில் பெரும்பகுதி போய்விடும். 24 ஃபிரேமை 3:2 முறையில் புலங்களாக (ஒன்று விட்டு ஒரு வரி கொண்ட அரை ஃபிரேம்களாக) பிரித்த வட்டு என்றால் ஐந்து ஃபிரேமில் இரண்டில் மட்டும் கோடு வரும். அதற்கு எஃப்எஃப்எம்பெக்கின் 'ஃபீல்ட்மேட்ச்', 'டெசிமேட்' என்ற இரண்டு ஃபில்டர்களை அதே வரிசையில் போட்டால் அசல் ஃபிரேம்கள் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். 20 ஃபிரேம் படம் என்றால் இந்த முறை ஒத்துவராது. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று புலங்களை எடுத்துக்கொள்ளும்.

மீட்க வழியில்லாதது பாலிலிருந்து என்டிஎஸ்சிக்குக் கலந்து மாற்றிய பிரதி. நிறுத்திப் பார்த்தால் ஓடும் வாத்துக்குப் பக்கத்தில் ஆவிபோல் இன்னொரு வாத்து தெரியும். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமைக் குழைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். எந்த ஃபில்டரும் அதை முழுக்கப் பிரித்துத் தராது, பணம் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கோளாறுகளைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள 'சதுரங்கக் காய்ச்சல்' (1925, புடோவ்கினும் ஷ்பிகோவ்ஸ்கியும்) பாருங்கள். அதன் நாயகன் விளாதிமிர் ஃபோகல்தான் 'ட்ரூப்னயா'வில் சிகையலங்காரக்காரர் கோலிகோவ். 'சதுரங்கக் காய்ச்ச'லில் அவருடைய தொப்பி, கைக்குட்டை என்று எங்கும் கட்டம். புலங்களின் வரிசை மாறியிருந்தால் கட்டங்கள் நடுங்கும், ஒரே பார்வையில் தெரியும்.

*

ஓரங்களைப் பற்றி ஒப்பிடுகிறவர்கள் சொல்வதில்லை. மௌனப் படத்தின் ஃபிரேம் ஃபிலிமின் துளைகளுக்கு நடுவே முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பேசும்பட பிரிண்டில் அதன் இடது ஓரத்தில் ஒலித்தடம் உட்கார்ந்துவிடும். அளவைச் சுருக்காமல் இசை சேர்த்து அச்சிட்டால் இடப்பக்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

இந்தப் படத்தில் அது பெரிய நஷ்டம். காலையில் வீடு விழிக்கும் காட்சியில் மாடிப்படிகளைக் குறுக்காக வெட்டியதுபோல் செட் போட்டு, காமிரா தளம் தளமாக மேலே ஏறுகிறது. ஒருவர் கம்பளம் உதறுகிறார், ஒருவர் படியிலேயே விறகு பிளக்கிறார். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு ஓரமும் வேலை செய்கிறது.

இரண்டாவது பதிப்பு கையில் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ரஷ்ய டைட்டில் கார்டில் எழுத்து நடுவில் இருக்கிறதா, இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒதுங்கியிருந்தால் இடது ஓரம் போய்விட்டது. கார்டுகளைப் புதிதாக எழுதிச் சேர்த்த பதிப்பில் இந்தச் சோதனை செல்லாது, அவை எப்போதும் நடுவில்தான் நிற்கும். எழுத்து துளிக்கூட ஆடாமல் நின்றால் புதிது என்று தெரிந்துகொள்ளலாம். ஃபிலிமில் இருந்த எழுத்து கொஞ்சமாவது அசையும். ரஷ்யக் கார்டுகளை வைத்துக்கொண்டு, வேண்டாதபோது அணைக்கக்கூடிய சப்டைட்டில் தருகிற பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

*

வாங்குகிறவர்களுக்கு: இந்தியா, இலங்கை, ரஷ்யா மூன்றும் டிவிடி மண்டலம் 5. ரஷ்ய வட்டு நம் பிளேயரில் மண்டலத் தடையில்லாமல் ஓடும். மேற்கு ஐரோப்பா 2, அமெரிக்கா 1. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்குமேல் பூட்டிக்கொள்ளும்.

*

இசைக்கும் அதே வேகக் கணக்கு பொருந்தும். 24-க்கு ஒத்திசைத்துப் பதிவுசெய்த இசையைப் பாலுக்காக 25-ல் ஓட்டினால் சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பியானோவில் காது நன்றாகவே பிடிக்கும். சில வெளியீட்டாளர்கள் சுருதியைத் திருத்திவிடுகிறார்கள், ஆனால் படம் வேகமாகவேதான் ஓடும்.

கடைசியாகப் பிட் அளவு, அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு வட்டில் ஒதுக்கும் தரவு. 64 நிமிடப் படத்துக்கு விநாடிக்கு 6 மெகாபிட் கொடுத்தால் 2.9 ஜிபி ஆகும். இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி இருப்பதால் இரண்டு படங்கள் தாராளமாக நிற்கும். மூன்று, நான்கு படங்களைத் திணித்த மலிவு வட்டில் கம்பளத் தூசி எழும் அந்த மாடிப்படிக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். தூசி மெல்லிய புகையாகப் பரவாமல் சதுரம் சதுரமாக உடைந்தால் பிட் போதவில்லை. கோப்பு விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் சராசரி 4 மெகாபிட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் உடைகிறது.