என்டி-ப்ரோபிஎன்பி 2,860: இதை வைத்து ஆயுளைச் சொல்ல முடியுமா?

செம்பூர் பொண்ணு:
அப்பாவுக்கு 76 வயது, டைலேட்டட் கார்டியோமயோபதி (இதயம் வீங்கி, அதன் தசை பலவீனமாகும் நோய்), எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். மாத்திரை தவறுவதில்லை, ஸ்டேஷன் மார்க்கெட் வரை நடந்துபோய் கீரை வாங்கி வருகிறார், படுத்தால் மூச்சு வாங்குவதும் இல்லை. நேற்று வந்த ரத்த ரிப்போர்ட்டில் என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் சிரமப்பட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள்) 2,860, பக்கத்தில் நார்மல் 125-க்குக் கீழே என்று இருக்கிறது. அண்ணன் புனேயிலிருந்து போன் போட்டு "இருபது மடங்குக்கு மேல இருக்கே, இன்னும் எத்தனை வருஷம்?" என்று அழுகிறான். டாக்டரைப் பார்ப்பது அடுத்த வாரம்தான்.

பரேல் டாக்டர்:
அண்ணனை முதலில் கூகிளை மூடச் சொல்லுங்கள். 125 என்பது மூச்சு வாங்குகிறது என்று ஓபிக்கு வருபவருக்கு இதயச் செயலிழப்பு இருக்குமா என்று சந்தேகிக்க வைத்த கோடு, ஏற்கெனவே நோய் தெரிந்தவருக்கு அது இலக்கு இல்லை. வயது ஏறினால் இது ஏறும், கிட்னி மந்தமானாலும் நாடி தாறுமாறாக ஓடினாலும் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) ஏறும், உடம்பு பருமனாக இருந்தால் குறைத்துக் காட்டும். அவசர சிகிச்சைப் பிரிவிலேயே 75 தாண்டியவர்களுக்கு 1,800-ஐத்தான் கோடாக வைக்கிறோம். எண் கூடக் கூட ஆபத்து கூடும், அதை மறைக்கவில்லை, ஆனால் அது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, உங்கள் அப்பா ஒருவரின் ஆயுள் அதில் இல்லை. போன தடவை எவ்வளவு? கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு?

செம்பூர் பொண்ணு:
கிரியேட்டினின் 1.5 சார். பீரோவில் தேடியதில் போன தீபாவளி சமயத்து பேப்பர் கிடைத்தது, 610 என்று இருக்கிறது. அப்போ ஏறிவிட்டதா?

சயான் லேப்காரன்:
அந்த பேப்பரில் டெஸ்ட் பேரைச் சரியாகப் பாருங்க அக்கா. வெறும் பிஎன்பி என்று போட்டிருந்தால் அது வேற டெஸ்ட், இதோடு ஒப்பிடவே கூடாது. இதயச் செயலிழப்புக்குத் தரும் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பிஎன்பியை உடைக்கும் என்சைமை அந்த மருந்தே தடுப்பதால், பிஎன்பி தானாகவே ஏறலாம், என்டி-ப்ரோவில் அந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், முடி கொட்டுதுன்னு யாராவது பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை கொடுத்திருந்தா லேப்ல சொல்லிடுங்க, சில மெஷின்ல ரிசல்ட் மாறிடும்.

செம்பூர் பொண்ணு:
ஆமாம் தம்பி, வெறும் பிஎன்பிதான். வேற லேப் வேற.

மாட்டுங்கா மாமி:
இரும்புச்சத்து பார்த்தாளாம்மா? என் ஆத்துக்காரருக்கு ஹீமோகுளோபின் நன்னா இருக்குன்னு யாரும் கவனிக்கலை, உடம்புல சேர்த்து வெச்ச இரும்பைக் காட்டற ஃபெரிட்டின் 60தான் இருந்தது. நரம்பு வழியா இரும்பு ஏத்தினப்புறம் இரண்டு மாடி நிக்காம ஏறறார்.

பரேல் டாக்டர்:
மாமி சொல்வது சரி. ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, அல்லது 100-299 இருந்து டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இதய நோயாளிக்கு அது குறைபாடாகவே கணக்கு, டாக்டரிடம் கேளுங்கள். 2,860-ஐ முதல் எண்ணாக வைத்துக்கொண்டு அடுத்ததை அதே லேபில் எடுங்கள், கொஞ்சம் ஏறி இறங்கினால் அர்த்தமில்லை. அதுவரை தினம் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே போன் பண்ணுங்கள்.