புதுப்பிப்பு: பழைய பிக்கப்பில் சேஸிஸ், ஸ்பிரிங், டயர் வேலை முடிந்தது

சென்ற முறை எழுதியபோது வண்டியை சேஸிஸ் (அடிச்சட்டம்) வரை பிரித்து வைத்திருந்தேன். பின் ஸ்பிரிங் தாங்கிகளுக்குப் பக்கத்தில் துரு எவ்வளவு ஆழம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனதில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. கம்பி பிரஷ் போட்டதும் ஓட்டை தெரிந்தது. அதை வெட்டி எடுத்து, அதே தடிமனில் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. செய்பவர்கள் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

வண்டியின் உயரத்தை 2 அங்குலம்தான் கூட்டினேன். அதற்கு மேல் போனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (என்ஜின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) கோணம் கூடி, ஜாயின்ட் சீக்கிரம் தேயும். அச்சு முழுதாகத் தொங்கும்போது இழுபடாதபடி பின் பிரேக் ஹோஸையும் நீளமானதாக மாற்றினேன்.

டயர் 29 அங்குலத்திலிருந்து 31 ஆகிவிட்டது. விட்டம் சுமார் 7 சதவீதம் கூடியதால் மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 64. ஏற்றத்தில் இழுவையும் அந்த அளவு குறையும். லோ கியர் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) இருக்கும்போது இது எனக்குப் பெரிய விஷயமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன வேலை: டிஃபரென்ஷியலின் (அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) பிரீதர் குழாயை, அதாவது உள்ளே காற்று போய்வரும் குழாயை நீட்டி, என்ஜின் அறைக்குள் உயரத்தில் கட்டியது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் போல வெளுத்துவிட்டால் பேரிங்குக்குக் கேடு.

சரி, இனி வயரிங். பழைய கம்பிகள் எல்லாமே போகின்றன.