சங்கத்துப் பிக்கப்புக்கு வெறும் பிளேட் மட்டும் வேண்டாம், செட்டாக மாற்றுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

பொருளாளர் மாமா அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். நம் பொலிரோ பிக்கப்புக்குக் கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றுவதாகப் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தம்பிமார் செலவு குறைவுதானே, முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அவசரப்பட்டுச் சரி சொல்லிவிட வேண்டாம். இங்கே ஓமானில் டீசல் பிக்கப்புகளுக்கு அடியில் படுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கிளட்சைத் தொட வேண்டுமென்றால் பின்னால் போகும் ஷாஃப்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். செலவில் பெரும்பகுதி இந்தக் கூலிதான். பிளேட் மட்டும் மாற்றினாலும் அதே கூலி, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாற்றினாலும் அதே கூலி. பழைய பேரிங்கை அப்படியே விட்டு, நாலு மாதத்தில் அது கத்த ஆரம்பித்தால் மறுபடி முதலிலிருந்து எல்லாம் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் ஒன்றும் உள்ளே இருக்கிறது. விலை சொற்பம், அதையும் சேர்த்துவிடுங்கள். லுக் (LuK), வேலியோ (Valeo) இரண்டு கம்பெனிக் கிளட்சுமே செட்டாகக் கிடைக்கும். லுக் நம் ஓசூரிலேயே தயாராகிறது, மதுரையில் கேட்டால் கிடைக்காமல் போகாது.

டிரைவர் தம்பியிடம் போனில் பேசினேன். லோடோடு பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் சத்தம் போடுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, கருகல் வாடை வருகிறது என்றான். அது பெரும்பாலும் பிளேட் தேய்ந்ததுதான். ஆனால் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று உரசுகிறது என்றும் சொன்னான். அது வேறு கதை. பெடலை முழுசாக மிதித்தும் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். பெடலை மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரிலோ கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரிலோ ஆயில் கசிகிறதா, டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா, லைனில் காற்று ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கவனிக்காமல் புது செட் போட்டாலும் ரிவர்ஸ் உரசிக்கொண்டேதான் இருக்கும்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃப்ளைவீல், அதாவது இன்ஜினோடு சுற்றும், பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இரும்புச் சக்கரம். பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தால், ரிவெட் தலை இரும்பைக் கீறி வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நகம் தடுக்கும். சூடேறிய இடம் நீலம் பாய்ந்து கிடக்கும். அப்படி இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவி ஃபேசிங் பிடிக்க வேண்டும், வெடிப்பு தெரிந்தால் புதுசுதான். கரடுமுரடான ஃப்ளைவீலில் புது பிளேட்டைப் போட்டால் வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறும், பிளேட்டும் சீக்கிரம் போய்விடும். அப்புறம் அதே இடத்தில் இன்ஜின் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டுக்குள்ளே கறுப்பாக ஈரம் தெரிந்தால் யோசிக்காமல் சீலையும் மாற்றிவிடுங்கள். ஆயில் பட்ட பிளேட் பிடிக்காது.

பொருத்தும்போது பிளேட்டை, கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குப் பதிலாகச் செருகும் டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தணும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். கியர்பாக்ஸ் பாரம் பிளேட் மேல் தொங்கவே கூடாது, வளைந்துவிடும். பிளேட் உட்காரும் ஷாஃப்டின் வரிப்பற்களில், அதாவது ஸ்ப்லைனில், கிரீஸ் லேசாகத் தடவினால் போதும், அதிகமானால் தெறித்துப் பிளேட்டில் படும்.

பட்டறையில் வேலை பார்க்கிற பையன்களும் நம் பிள்ளைகள்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க விடாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்தே ஆகவேண்டும். பெல் ஹவுசிங் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

டிரைவர் தம்பிக்கும் ஒரு வார்த்தை. கண்மாய்க் கரை ஏற்றத்தில் தண்ணீர் டேங்கோடு நிற்கும்போது கிளட்சைப் பாதி மிதித்து (ஹாஃப் கிளட்சில்) வண்டியைத் தாங்கிப் பிடிக்காதே. ஹேண்ட் பிரேக் போடு. ஓட்டும்போது காலைப் பெடல் மேலேயே வைத்திராதே. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஓவர்லோடு கூடவே கூடாது. விறகு ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும் சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடு.

மாமா, இன்னொன்று. கொட்டேஷனில் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம் போட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான். திருத்தி, முழு செட்டோடு புது கொட்டேஷன் வாங்கி அனுப்புங்கள். கூடுகிற தொகையில் பாதியை மஸ்கட் கிளையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கியர்பாக்ஸ் இறங்கியதும் ஃப்ளைவீலையும் பழைய பிளேட்டையும் படமெடுத்து இங்கே போடச் சொல்லுங்கள், ஃபேசிங்கா புதுசா என்று அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.