கரண்ட் போய் வந்தால் தலைகீழாகும் ஹோம் தியேட்டர்: ஒரே பட்டனில் எல்லாம் ஒழுங்காக எழ வழி உண்டா?

அல்சூர்_மருமகள் (பெங்களூரு):

என் மாமனாருக்கு வயது 76. தூத்துக்குடியில் இருந்தவரை டிவிக்கு ஒரு ரிமோட், அதிலும் மூணு பட்டன்தான் அவருக்குத் தேவைப்பட்டது. இங்கே என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், டெனான் ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் பிரித்துத் தரும் பெட்டி) எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். ரிமோட் நாலு. பதில் சொல்ல வேண்டியவள் நான். மீட்டிங்கில் இருக்கும்போதுதான் போன் வரும்: "ஏம்மா, படம் ஓடுது, சத்தத்தக் காணும்லா."

பொங்கல் லீவில் உட்கார்ந்து ஒரு வழி பண்ணினேன். பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் சாஃப்ட்வேர்) போட்டேன். ஷோகேஸ் மேல் ஒரு ஐஆர் பிளாஸ்டர், ரிமோட் மாதிரியே கட்டளையைச் சிமிட்டும் சின்ன டப்பா. என் பழைய போனை சார்ஜரோடு சோபா கைப்பிடியில் கட்டி, திரையில் இரண்டே கட்டம்: "டிவி", "போதும்". முதலாவதைத் தொட்டால் ரிசீவருக்கு வைஃபை வழியாகவும், டிவிக்கும் டிடிஎச் செட்டாப் பாக்ஸுக்கும் ஐஆர் வழியாகவும் கட்டளை போகும். மூணு மாதம் பிரச்சினையே இல்லை.

ஏப்ரல் கடைசியில் சாயங்கால மழை ஆரம்பித்தது, கூடவே கரண்ட் கட்டும். எங்கள் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும்தான். கரண்ட் திரும்பி வந்ததும் டிவி தூக்கத்திலேயே இருக்கும். செட்டாப் பாக்ஸ் மட்டும் தானாக எழுந்து உட்காரும். மாமா "டிவி"யைத் தொடுவார். டிவி எழும், செட்டாப் பாக்ஸ் அணையும். "சிக்னல் இல்லை" என்று நீலத்திரை. இன்னொரு தடவை தொடுவார். இப்போது செட்டாப் பாக்ஸ் எழும், டிவி அணையும். பத்து தடவை தொட்டாலும் இரண்டும் சேர்ந்து விழித்திருக்காது. நேற்று நான் வீட்டுக்கு வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

எந்த நிலையில் இருந்தாலும் ஒரே தொடலில் எல்லாம் சரியாக எழ வேண்டும். பட்ஜெட் 3000 ரூபாய். சுவரை உடைக்க மாட்டேன்.

—

செம்பூர்_சேகரம் (மும்பை):

சகோ, முதலில் ஒன்று சொல்லுங்கள். செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ எங்கே போகிறது, ரிசீவருக்கா டிவிக்கா? டிவியில் சிஇசி ஆன் பண்ணியிருக்கிறீர்களா? எச்டிஎம்ஐ கேபிளில் 13ஆம் பின் இதற்காகவே இருக்கிறது, டிவியும் ரிசீவரும் அதில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மெனுவில் "சிஇசி" என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஊருக்கு ஒரு பெயர். அதை ஆன் பண்ணினால் டிவி எழும்போது ரிசீவரும் எழும். டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டனிலேயே ரிசீவர் சத்தம் கூடும், குறையும். பாதி தலைவலி காசில்லாமல் போகும்.

எல்லாச் சாதனத்துக்கும் ஒரே ரிமோட் என்று யாராவது ஹார்மனி வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். லாஜிடெக் 2021 ஏப்ரலிலேயே அதை மூட்டை கட்டிவிட்டது. லாமிங்டன் ரோட்டில் பழைய சரக்கு இன்னும் காட்டுகிறார்கள், விலையும் பேசுகிறார்கள்.

—

அல்சூர்_மருமகள்:

பாக்ஸ் நேராக டிவிக்கு, டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு. சிஇசி ஆன்தான். சத்தம் இப்போது பிரச்சினையே இல்லை. எழுப்புவதுதான்.

—

ஈயப்பற்று (பெங்களூரு, மல்லேஸ்வரம்):

உங்கள் ரிசீவர் ஒரு நாளும் தப்பு செய்யவில்லை, கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது. அதற்கு நெட்வொர்க்கில் போவது "எழு" என்ற கட்டளை. ஏற்கெனவே விழித்திருந்தால் அது சும்மா இருக்கும். டெனானில் டெல்நெட் (நெட்வொர்க்கில் எழுத்தாகக் கட்டளை அனுப்பும் முறை), 23ஆம் போர்ட். "பிடபிள்யூ ஆன்" என்று அனுப்பினால் எழும், "பிடபிள்யூ" போட்டு ஒரு கேள்விக்குறி வைத்தால் தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். இருவழிப் பேச்சு.

ஐஆர் அப்படியில்லை. பெரும்பாலான ரிமோட்டுகள் 38 கிலோஹெர்ட்ஸில் கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் சிமிட்டும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் நின்று தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. கேட்டதா இல்லையா தெரியாது. போதாக்குறைக்கு உங்கள் டிவிக்கும் பாக்ஸுக்கும் போவது "இப்போது எப்படி இருக்கிறாயோ அதற்கு நேர்மாறாக மாறு" என்ற டாகிள் கட்டளை. இரண்டு டாகிள்கள் ஒரு தடவை எதிரெதிராகப் போய்விட்டால், அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் எதிரெதிராகவேதான் இருக்கும். உங்கள் மாமா மேல் ஒரு தப்பும் இல்லை.

செட்டாப் பாக்ஸை மறந்துவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். "டிவி", "போதும்" இரண்டிலிருந்தும் அதன் கட்டளையைத் தூக்கிவிடுங்கள். அது எப்போதும் விழித்தே இருக்கட்டும். 10 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்தான். கரண்ட் வந்ததும் தானாக எழுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். இதுவரை தொல்லையாக இருந்த அந்தக் குணம் இனி உங்களுக்குச் சாதகம்.

மிச்சம் டிவி. சில டிவிகளுக்கு ஆன் தனி, ஆஃப் தனி என்று ஐஆர் கோடுகள் உள்ளே உண்டு, கம்பெனி ரிமோட்டில் அதற்குப் பட்டன் இருக்காது. உங்கள் மாடல் எண் போட்டு "டிஸ்க்ரீட் கோடு" என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை டிவிக்குப் போடுங்கள். ஓடும்போது பல பத்து வாட், தூங்கும்போது பூஜ்யத்துக்குப் பக்கம். ஹோம் அசிஸ்டன்ட் முதலில் அந்த எண்ணைப் பார்க்கட்டும். 20 வாட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் ஐஆர் அனுப்பட்டும். பிளக் வாங்கும்போது கரண்ட் திரும்பி வந்ததும் தானாக ஆன் ஆகிற வசதி உண்டா என்று பாருங்கள், இல்லாவிட்டால் புதுத் தலைவலி.

இதே வித்தையை செட்டாப் பாக்ஸில் செய்ய நினைக்காதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கினேன். என்னிடம் இருந்த பாக்ஸ் விழித்திருந்தாலும் தூங்கினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இழுத்தது.

இன்னொன்று: ரிசீவர் மெனுவில் நெட்வொர்க் கண்ட்ரோல் "எப்போதும் ஆன்" என்று இருக்கட்டும். ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட் வந்ததும் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடும், லேப்டாப் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே போதும்.

—

ஆர்கேபுரம்_பெரியவர் (டெல்லி):

அம்மா, எனக்கும் 71 ஆகிறது, அதனால் மாமனார் பக்கம் நின்று இரண்டு வார்த்தை. வயர் சங்கதியெல்லாம் மேலே சொன்ன தம்பி சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கண்ணாடிப் போனை எடுத்துவிடு. இந்த வயதில் விரல் நுனி காய்ந்துவிடும், திரை தொட்டதை ஏற்காது. இங்கே ஜனவரிக் குளிரில் நான் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டுதான் போனைத் திறக்கிறேன், என் பெண் திட்டுகிறாள். தொட்டதா தொடவில்லையா என்று தெரியாமல்தான் நாங்கள் இரண்டாம் தடவை தொடுகிறோம். உன் விஷயத்தில் அந்த இரண்டாம் தடவைதான் வினை.

அழுத்தினால் "டக்" என்று உள்ளே போகிற பட்டனாகக் கொடு. ஜிக்பீ பட்டன் என்று தீப்பெட்டி அளவில் வருகிறது, வயர் இல்லாமல் சிக்னல் அனுப்பும்; அதை வாங்க லேப்டாப்பில் டாங்கிள் என்ற சின்னக் குச்சி ஒன்றைச் செருக வேண்டும். செல்லம்மா என்று ஒரு பெயர் வைத்துக்கூட கொடு, என் பேத்தி அப்படித்தான் வைத்தாள்.

—

அல்சூர்_மருமகள்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டிஸ்க்ரீட் கோடு என் டிவிக்குக் கிடைக்கவில்லை. பிளக் போட்டேன். ஓடும்போது 85லிருந்து 110 வாட், தூக்கத்தில் ஒரு வாட்டுக்குள். செட்டாப் பாக்ஸை "ஈயப்பற்று" சொன்ன மாதிரி விட்டுவிட்டேன். ஜிக்பீ பட்டன், டாங்கிள், பிளக் எல்லாம் சேர்த்து பட்ஜெட்டில் 400 ரூபாய் தாண்டியது, பரவாயில்லை.

அப்படியும் முதல் இரண்டு நாள் மூணு தடவைக்கு ஒரு தடவை டிவி எழவில்லை. செல்ஃபி கேமராவை பிளாஸ்டர் முன்னால் பிடித்துப் பார்த்தேன், ஊதா வெளிச்சம் நன்றாகவே சிமிட்டுகிறது. அப்புறம்தான் பார்த்தேன்: அந்தக் கறுப்பு டப்பா பார்க்க நன்றாக இல்லை என்று அத்தை அதன் முன்னால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை வைத்திருக்கிறார். ஃபேன் காற்றில் பொம்மை ஒரு பக்கம் சாயும்போது கட்டளை போகிறது, நிமிரும்போது போகவில்லை! முன்பு டாகிள் என்பதால் திரும்பத் திரும்ப அனுப்பப் பயம். இப்போது வாட் ஏறுகிறதா என்று ஆறு விநாடிக்கு ஒருமுறை பார்த்து, ஏறவில்லையென்றால் மட்டும் மறுபடி அனுப்பு, அதிகபட்சம் நாலு தடவை என்று எழுதிவிட்டேன். பொம்மையை நகர்த்தச் சொல்லவில்லை. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை மழையில் ஏழரைக்குக் கரண்ட் போய் எட்டேகாலுக்கு வந்தது. மாமா பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தார். பொம்மை குறுக்கே இருந்தது போல, ஏழெட்டு விநாடி ஆனது. செய்தி வந்ததும், "எம்மா, இது சூட்டிகையா வேல செய்யி" என்றார்.

பெரியவர் ஐயாவுக்கு: பட்டனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பேச்சிமுத்து. ஊரில் கேபிள் டிவி சரிபண்ண வருபவர் பெயராம்.

அடுத்த சந்தேகம். அத்தை தனக்கும் ஒரு பட்டன் கேட்கிறார், "போதும்" மட்டும், அடுக்களையிலிருந்தே அழுத்துகிற மாதிரி. ஜிக்பீக்கு நடுவில் ஒரு கான்கிரீட் சுவரும் ஃப்ரிட்ஜும் இருக்கிறது. எட்டுமா?

—

ஈயப்பற்று:

டிவிக்குப் போட்ட பிளக் ஜிக்பீ என்றால் அதுவே சிக்னலை வாங்கி அனுப்பும், எட்டும். வைஃபை பிளக் என்றால் நடுவில் ஒரு ஜிக்பீ பிளக் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.