ஜான் பார்ட்ரம் தாவரவியலாளரா, விதை அனுப்பியவரா?

பழைய ஏடு:
அமெரிக்காவின் முதல் தாவரவியலாளர் ஜான் பார்ட்ரம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1699-ல் பென்சில்வேனியாவின் டார்பியில் பிறந்த விவசாயி அவர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கடும் உழைப்பாளி, மறுக்கவில்லை. ஆனால் செய்த வேலை என்ன? காடு காடாக அலைந்து விதை பொறுக்கிப் பெட்டியில் அடைத்து, லண்டன் துணி வியாபாரி பீட்டர் காலின்சனுக்குக் கப்பலில் அனுப்பினார். ஏறக்குறைய நூறு வகை விதை கொண்ட பெட்டி ஐந்து கினி (அன்றைய ஆங்கிலேயத் தங்க நாணயம்). வாங்கியவர்கள் தோட்டம் வைத்திருந்த பிரபுக்கள். அந்தச் செடிகளை விவரித்து, லத்தீனில் பெயரிட்டு, வகைப்படுத்தியவர்கள் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸும் மற்றவர்களும். பிரிட்டிஷ் மன்னரின் தாவரவியலாளர் பதவி 1765-ல் கிடைத்ததே என்பீர்கள். அதுவும் காலின்சனின் முயற்சியால் வந்தது, ஆண்டுக்கு 50 பவுண்டு. வகைப்பாட்டில் அவர் பங்கு என்ன? அதைச் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:
ஐயா, "விதை பொறுக்கி" என்ற சொல் எனக்கு வலிக்கிறது. இருபது வருஷமாக நர்சரி வைத்திருக்கிறேன். எந்தக் காய் எப்போது முற்றும், எந்த விதையை ஈரம் காயாமல் வைக்க வேண்டும், எதை உலர்த்த வேண்டும் என்று தெரியாதவன் அனுப்பும் பெட்டியிலிருந்து ஒன்றும் முளைக்காது. அட்லாண்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. கப்பலில் எலி வேறு. காலின்சன் ஒரு கடிதத்தில் யோசனை சொல்கிறார்: மாட்டின் மூத்திரப்பையை எடுத்து, செடியை வேர்மண்ணோடு அதற்குள் இறக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தண்டைச் சுற்றி வாயை இறுக்கிக் கட்டு, இலையும் பூவும் வெளியே இருக்கட்டும், குதிரைச் சேணத்தில் தொங்கவிட்டு வீடு கொண்டு வா என்று. நாம் இன்று பாலித்தீன் பையில் செய்வது இதைத்தான். இப்படிப் பாடுபட்டு, சுமார் 200 அமெரிக்கச் செடிவகைகளை அவர் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

சோதனையும் செய்திருக்கிறார். 1739-ல் வர்ஜீனியாவின் வில்லியம் பேர்டுக்கு எழுதிய கடிதத்தில், ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு செடிகளைக் கலப்புச் செய்து, அதுவரை யாரும் பார்க்காத நிறத்தில் பூ எடுத்ததாகச் சொல்கிறார். செடிகளுக்கு ஆண் பெண் உண்டா என்று படித்தவர்களே வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது! நீங்கள் கேட்ட எழுத்தும் உண்டு. ஷார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவரின் மூலிகை நூலை பெஞ்சமின் பிராங்க்ளின் 1751-ல் பிலடெல்பியாவில் அச்சிட்டபோது, அமெரிக்க மூலிகைகள் பற்றிய பின்னிணைப்பை எழுதியவர் பார்ட்ரம்தான்.

பழைய ஏடு:
கலப்புச் சோதனை விஷயத்தை ஏற்கிறேன், நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஒரு கடிதத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதே பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் லோகன் மக்காச்சோளத்தில் ஆண் பூவை நீக்கிப் பார்த்து, கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழையை வெட்டிப் பார்த்து, மகரந்தம் இல்லாமல் மணி பிடிக்காது என்று காட்டினார். அது லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பிறர் சரிபார்க்கும்படி எழுதி வைப்பதுதான் அறிவியல். பார்ட்ரமுக்குப் புத்தகம் கொடுத்து ஊக்கப்படுத்தியவரும் அதே லோகன்தான்.

தென்னந்தோப்பு:
அண்ணா, நீங்கள் இருவரும் ஒரு பக்கத்தைத் தொடவே இல்லை. அந்தக் காடுகளில் வழி தெரிந்தவர்கள் யார்? 1743-ல் அவர் இரோக்குவா என்ற பழங்குடிக் கூட்டமைப்பின் தலைமை ஊரான ஒனொண்டாகாவுக்குப் போனார். கூட வந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் கான்ராட் வைசர், வரைபடக்காரர் லூயிஸ் எவன்ஸ், அந்தக் கூட்டமைப்பின் ஒனைடா இனத் தலைவர் ஷிக்கெல்லமி. அப்படியிருந்தும் பழங்குடிகளைப் பற்றி அவர் பின்னால் எழுதிய கடிதங்கள் கடுமையானவை. அடித்து ஒடுக்கினால்தான் அடங்குவார்கள் என்ற தொனி. அவருடைய தந்தை 1711-ல் வட கரோலினாவில் பழங்குடிகள் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார். காரணம் புரிகிறது. ஆனாலும் அவருக்குச் சிலை வைக்குமுன் இதையும் சொல்லியாக வேண்டும் இல்லையா?

மகன் வில்லியம் வேறு மாதிரி. புளோரிடாவின் செமினோல் பழங்குடி மக்களோடு பழகினார், "பூ தேடுபவர்" என்ற பொருளில் அவர்கள் அவரைப் பக் பக்கி என்று அழைத்தார்கள். இருந்தும் அதற்கு முன் 1766-ல் புளோரிடாவில் அவர் தோட்டம் போட முயன்றபோது வேலைக்கு இருந்தவர்கள் அப்பா வாங்கித் தந்த அடிமைகள். தாவர வரலாறு எழுதும்போது இந்தக் கைகளை விட்டுவிடுகிறோம்.

நாற்றங்கால்:
தங்கச்சி சொல்வது சரி. அந்தக் கடிதங்களுக்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

பழைய ஏடு ஐயாவுக்கு மட்டும் ஒன்று. பிராங்க்ளினியா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1765 அக்டோபரில் ஜார்ஜியாவின் ஆல்டமஹா ஆற்றங்கரையில் அப்பாவும் மகனும் அதைப் பார்த்தார்கள். நம் நீலகிரித் தேயிலையின் குடும்பம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. 1803-க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. இன்று உலகில் இருக்கும் அத்தனை பிராங்க்ளினியாவும் பிலடெல்பியாவின் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் ஜான் பார்ட்ரம் போட்ட தோட்டத்தின் வழி வந்தவை என்றே கருதப்படுகிறது. லத்தீன் பெயர் ஏட்டில் இருந்தால் மரம் பிழைத்திருக்குமா?

பழைய ஏடு:
வலுவான வாதம்தான். ஆனால் விதை எடுத்து வந்து வளர்த்தவர் வில்லியம். பெயர் வைத்தவரும் அவரே. முறைப்படி விவரித்து 1785-ல் அச்சேற்றியவர் உறவினர் ஹம்ப்ரி மார்ஷல். ஜான் 1777-லேயே இறந்துவிட்டார். அப்பாவின் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்?

நாற்றங்கால்:
நிலம் 1728-ல் அவர் வாங்கியது. விதையை எப்படிக் காப்பது, எந்த இடத்தில் ஊன்றுவது என்று மகன் கற்றது அந்த மண்ணில், அவர் பக்கத்தில் நின்று. பிராங்க்ளினியா லேசான மரம் இல்லை ஐயா. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், புளிப்பு மண் வேண்டும். தோட்டக்காரன் சரியில்லை என்றால் ஒரே பருவத்தில் போய்விடும்.

பழைய ஏடு:
"விதை பொறுக்கி" என்றதைத் திரும்பப் பெறுகிறேன், அது தவறான சொல். "முதல் தாவரவியலாளர்" என்பதை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. வகைப்பாட்டை அறிந்து முறையாக விவரித்தவர்களுக்கு, உதாரணமாக நியூயார்க்கின் பெண் தாவரவியலாளர் ஜேன் கோல்டனுக்கு, அந்தப் பெயர் இன்னும் பொருந்தும் என்பது என் கட்சி. அவரைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், இருவரும் அங்கே வாருங்கள்.